வாயைத் திறந்து சொன்னால்தான் மார்க்

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், அங்கே நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் அப்படியே இருக்க வேண்டும். மனசு எப்படி இருக்கிறது என்று கேட்டால் கொதிக்கிறது, அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். ஃபோனில் சொல்லலாமே என்பாய். நான் உன்னோடு பேசும்போதெல்லாம் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து என் வாயையே பார்த்துக்கொண்டிருப்பாள், அவள் வேலைக்குப் போயிருக்கும் நேரத்தில் உனக்கு நடு ராத்திரி, அப்புறம் எதைச் சொல்வது. கடிதம் வந்து சேர ஒன்பது நாள் ஆகும் என்று தபால் கவுன்ட்டர் பெண் சொன்னாள், பரீட்சைக்கு இன்னும் பதினெட்டு நாள் இருக்கிறது, அதையெல்லாம் பார்த்துக்கொண்டுதான் எழுத உட்கார்ந்தேன்.

போன ஞாயிற்றுக்கிழமை அம்மாவிடம் என்ன சொன்னாய், ஞாபகம் இருக்கிறதா? "இந்த வயசுல உனக்கு எதுக்கும்மா பரீட்சை, கிடக்குது விடு, வேணாம்னு எழுதிக் குடுத்துட்டு இங்க வந்து நிம்மதியா இரு" என்றாய். அவள் "சரிடா கண்ணு" என்று மட்டும் சொன்னாள். நீயும் சந்தோஷமாக ஃபோனை வைத்துவிட்டாய். அதற்குப் பிறகு இங்கே நடந்தது உனக்குத் தெரியாது. ஒரு மாதமாகச் சாப்பாட்டு மேஜையில் விரித்தபடி கிடந்த தடிப் புத்தகத்தை மூடினாள், முக்காலி போட்டு ஏறினாள், பீரோவுக்கு மேலே பழைய சூட்கேஸுக்குப் பின்னால் அதைத் தள்ளினாள். அவ்வளவு பாடுபட்டு ஒளித்து வைக்கிறவள் திரும்ப எடுக்கப் போவதில்லை என்று எனக்கு அப்போதே புரிந்துவிட்டது. மறுநாள் ஆஸ்பத்திரியிலிருந்து, பரீட்சை எழுத விருப்பமில்லை என்கிற படிவத்தை வாங்கி வந்துவிட்டாள். எல்லாம் நிரப்பிக் கைப்பையில் வைத்திருக்கிறாள், கையெழுத்து மட்டும் பாக்கி. போட்டுவிட்டால் அடுத்த மாதத்திலிருந்து அவளுக்கு வாசலில் டோக்கன் கொடுக்கும் மேஜை, பிடிக்காவிட்டால் வீட்டுக்குப் போகலாம். மயக்கம் தெளியும் அறையில் இருபத்து நாலு வருஷம் நின்றவளுக்கு டோக்கன் மேஜை! நீ அவள் மேல் உள்ள அக்கறையில்தான் சொன்னாய், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் குட்டியைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாமல் நீ திண்டாடுவதும் எனக்குத் தெரியும். ஆள் வேண்டுமென்றால் ஆள் வேண்டும் என்று நேராகக் கேள். நான் சும்மாதானே இருக்கிறேன், நாளைக்கே கிளம்பி வருகிறேன். நாற்பது வருஷம் லிஃப்ட் ரிப்பேர் பார்த்தவனுக்கு ஒரு டயப்பர் மாற்றத் தெரியாதா? அவளை ஏன் இழுக்கிறாய்?

நடந்ததை அம்மா உன்னிடம் பாதிதான் சொல்லியிருக்கிறாள், அதனால் முதலிலிருந்து சொல்கிறேன். ஆபரேஷன் முடிந்து வருகிறவர்களைப் பார்த்துக்கொள்ளும் நர்ஸ்கள் எல்லோரும் தகுதித் தேர்வு எழுத வேண்டும் என்று இந்த வருஷம் உத்தரவு போட்டுவிட்டார்கள். எழுத்துத் தேர்வில் நூறு கேள்வி. அதற்கு அம்மா அசரவில்லை. கை கால் அசைவு, மூச்சு, ரத்த அழுத்தம், நினைவு, ஆக்ஸிஜன், ஒவ்வொன்றுக்கும் இரண்டு மார்க், பத்துக்கு ஒன்பது வந்தால்தான் வார்டுக்கு அனுப்பலாம் என்பதை அவளிடம் கேள்வி கேட்டுக் கேட்டு இப்போது நானே தலைகீழாக ஒப்பிப்பேன். வம்பு செய்முறைத் தேர்வில்தான் வந்தது. ஒத்திகை என்று ஒரு பிளாஸ்டிக் பொம்மையைக் கட்டிலில் போட்டிருக்கிறார்கள். தேர்வு வைக்கிறவர் கழுத்தில் ஸ்டாப் வாட்ச்சைத் தொங்கவிட்டுக்கொண்டு நிற்பாராம், இவர்கள் அவருக்குக் கடிகாரம் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அம்மா போய் தாடையைத் தூக்கினாள், மூக்கருகே புறங்கையை வைத்து மூச்சை எண்ணினாள், விரலில் ஆக்ஸிஜன் பார்க்கும் கிளிப் மாட்டினாள், போர்வையை இழுத்துவிட்டாள், பட்டியலில் இருந்த இருபத்திரண்டு வேலையும் வரிசை தப்பாமல் செய்து முடித்தாள். கடிகாரம் ஆறு மார்க் போட்டிருக்கிறார். இருபத்திரண்டுக்கு ஆறு! ஏன் என்று கேட்டதற்கு, "நீங்க ஒண்ணுமே சொல்லலையே சிஸ்டர், செஞ்சீங்களா இல்லையான்னு எனக்கு எப்படித் தெரியும், வாயைத் திறந்து சொன்னாதான் மார்க்" என்றாராம். கண் எதற்கு இருக்கிறது அந்த மனுஷனுக்கு? கடிகாரத்தைப் பார்க்க மட்டுமா? அந்தப் பொம்மை குளிரில் நடுங்குமா, வாந்தி எடுக்குமா, கண்ணைத் திறக்காமலே தன் அம்மாவைக் கூப்பிட்டு அழுமா? இதையெல்லாம் தினமும் பார்க்கிறவளுக்கு ஆறு மார்க்.

சரி, சொல்லிச் சொல்லிப் பழகிவிட்டால் போச்சு என்று, பொம்மைக்குப் பதில் நான் படுத்தேன். ஆபீஸ் விட்டு வருகிறவர்கள் படியேறும் நேரத்துக்கு நான் கட்டிலில் மயங்கிக் கிடப்பேன், இதுதான் ஒரு மாதமாக இந்த வீட்டில் நடந்த நாடகம். முதல் நாள் அம்மா வலிய வரவழைத்துக்கொண்ட குரலில் "கண்ணைத் திறங்க, மூச்சை இழுத்து விடுங்க" என்று கத்தியதில், கீழ்வீட்டுத் தையல்காரர் எனக்கு என்னவோ ஆகிவிட்டது என்று கழுத்தில் டேப்பும் கையில் கத்தரிக்கோலுமாக ஓடி வந்துவிட்டார். அந்தக் கத்தரிக்கோலை வைத்து எனக்கு என்ன வைத்தியம் பார்க்க நினைத்தாரோ. சிரித்தோம், ஆனால் மறுநாளிலிருந்து அம்மாவின் வாய் மறுபடியும் ஒட்டிக்கொண்டது. கை வேலை செய்கிறது, வாய் திறக்க மறுக்கிறது. நாலு நாள் பொறுத்தேன், ஐந்தாம் நாள் எனக்குத் தாங்கவில்லை. மயக்கத்திலிருந்து எழுந்து உட்கார்ந்து கத்தினேன். "எங்க வேலையில மேல நிக்கிறவன் குரல் குடுக்காம ஒரு பட்டனைத் தொட்டா அன்னைக்கே சீட்டுக் கிழிச்சிடுவாங்க, கீழ இருக்கிறவன் உயிர் அதுல இருக்கு, அந்தக் கடிகாரம் கேக்கிறதுல என்ன தப்பு, சொல்லித் தொலையேன்" என்றேன். அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். அப்புறம் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, இருபத்தோரு வருஷமாக என்னிடம் சொல்லாத ஒன்றைச் சொன்னாள்.

மயக்கம் தெளியும் அறைக்கு அவள் வேலைக்குப் போன மூன்றாம் வருஷமாம். வயிற்றைத் திறந்து பார்த்துவிட்டு ஒன்றும் செய்ய முடியாமல் தைத்து அனுப்பிய ஒரு பஸ் கண்டக்டர். அசைவே இல்லாமல் கிடந்திருக்கிறார். அம்மா பக்கத்துக் கட்டில் நர்ஸிடம், "பாவம், உள்ள எல்லாம் பரவிடுச்சாம், அப்படியே மூடிட்டாங்க" என்று சொல்லியிருக்கிறாள். சாயங்காலம் மனைவி பார்க்க வந்ததும், அந்த மனுஷன் முதலில் சொன்னது அந்த வார்த்தைகளைத்தான், ஒன்றுகூட மாறவில்லை. டாக்டர் அதுவரை அந்தக் குடும்பத்தில் யாரிடமும் வாயைத் திறக்கவில்லை. யார் சொன்னது என்று மனைவி அழுதுகொண்டே கேட்க, "யாரோ ஒரு பொண்ணு, நல்ல குரல்" என்றாராம். பக்கத்துக் கட்டில் நர்ஸ் காட்டிக்கொடுக்கவில்லை, அம்மாவும் ஒப்புக்கொள்ளவில்லை. மயக்கம் தெளியும்போது காதுதான் முதலில் திரும்பும், அந்தக் காதில் விழும்படி யாரும் எதுவும் பேசக் கூடாது என்று அன்றைக்கு மூடிய வாய். இதை எந்தப் பாடத்தில் எழுதியிருக்கிறார்கள், இதற்கு எந்தக் கடிகாரம் மார்க் போடும்?

நான் எழுந்து போய் டீ போட்டேன். மறுநாள் நான் படுத்ததும் அவள் கதவைச் சாத்தினாள், குனிந்து என் காதருகே வந்து பேசினாள். கத்தவில்லை. "ஆபரேஷன் முடிஞ்சிடுச்சு, ரிக்கவரி ரூம்ல இருக்கீங்க, நான் பக்கத்துலயேதான் இருக்கேன். இப்ப உங்க தாடையைக் கொஞ்சம் தூக்குறேன், மூச்சு லேசா வரும். மூக்குக்கிட்ட கை வெச்சிருக்கேன், நிமிஷத்துக்குப் பதினாலு, நல்லா விடுறீங்க. குளிருதா, போர்வை போடுறேன்" என்று ஒவ்வொன்றையும் என்னிடமே சொல்லிச் சொல்லிச் செய்தாள். கடிகாரத்துக்கு இல்லை, எனக்கு. அவர் வேண்டுமானால் ஓரமாக நின்று கேட்டுக்கொள்ளட்டும். எழுந்து பட்டியல் தாளை வைத்துச் சரிபார்த்தேன், இருபத்திரண்டில் ஒன்றுகூட விடவில்லை. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, தூசி என்று சொன்னேன், நம்பினாளோ என்னவோ. மூன்று வாரம் இப்படியே போயிற்று. உனக்குத் தெரியுமா, வேலைக்குப் போகும்போது பாட்டு முணுமுணுக்க ஆரம்பித்திருந்தாள். அந்த நேரம் பார்த்துத்தான் நீ ஃபோனில், கிடக்குது விடு என்றாய். ஆறு மார்க் போட்ட ஆள் மேல் எனக்கு வந்த கோபம் எல்லாம் அதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை. அவர் அவளை அறியாதவர். நீ அவள் பெற்ற பெண்.

நேற்றுச் சாயங்காலம் நானாகவே போய்க் கட்டிலில் படுத்துக் கண்ணை மூடிக்கொண்டேன். அம்மா துணி மடித்துக்கொண்டிருந்தாள். "எந்திரிங்க, நான்தான் பரீட்சைக்குப் போகலையே" என்றாள். நான் எழுந்திருக்கவில்லை, மயங்கிக் கிடக்கிறவன் எப்படி எழுந்திருப்பான். அடுப்படிக்குப் போனாள், திரும்பி வந்தாள், "விளையாடாதீங்க" என்றாள், மறுபடி போனாள். கடைசியில் வந்து என் மணிக்கட்டில் இரண்டு விரலை வைத்தாள். ஒரு நிமிஷம் முழுதாக எண்ணினாள். ஒரு வார்த்தை பேசவில்லை, கையை மெல்லப் படுக்கையில் வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

அதனால் நான் சொல்கிறபடி செய். இது கிடைத்த அன்றைக்கே வீடியோவில் கூப்பிடு. மன்னிப்புக் கேட்காதே, பரீட்சை எழுது என்றும் சொல்லாதே, அதற்கும் "சரிடா கண்ணு" என்றுதான் சொல்வாள். ஃபோனைத் தலைமாட்டில் சாய்த்து வைத்துவிட்டுப் பேசாமல் படுத்துக் கண்ணை மூடிக்கொள். என்னடி இது என்பாள், திட்டுவாள், என்னைக் கூப்பிட்டுக் கேட்பாள், நான் வர மாட்டேன். குட்டி வந்து மேலே ஏறிக் குதித்தாலும் அசையாதே, சிரித்துவிடாதே. ஒரு ஆள் அப்படிக் கிடப்பதைப் பார்த்துக்கொண்டு உன் அம்மாவால் சும்மா இருக்க முடியாது. ஃபோனுக்குள் கையை விட்டு நாடி பிடிக்கவும் முடியாது, வாயைத் திறந்துதான் ஆக வேண்டும்.

படிவம் கொடுக்கக் கடைசி நாள் பரீட்சைக்கு ஐந்து நாள் முன்பு, மறந்துவிடாதே. கடிதம் வந்ததை அவளிடம் சொல்லிவிடாதே. வேளைக்குச் சாப்பிடு, மாப்பிள்ளையை விசாரித்ததாகச் சொல், குட்டியின் கன்னத்தில் என் முத்தம் ஒன்று. மூன்று பேரும் நீண்ட ஆயுளோடு நன்றாக இருங்கள். கண்ணை மூடிக்கொண்டிருக்கும்போது காதை மட்டும் நன்றாகத் திறந்து வை. மயங்கிக் கிடக்கிறவர் காதருகே அவள் எப்படிப் பேசுவாள் என்பதை நான் கேட்டதே அறுபத்திரண்டு வயசில்தான், நீ இப்போதே கேட்டுவிடு.

இப்படிக்கு,
கோபம் இன்னும் தணியாத
உன் அப்பா