பெயரில்லாத அறுபது ஜிபி

கறுப்புத் திரையில் 'கிரப் ரெஸ்க்யூ' என்று இரண்டே வெள்ளைச் சொற்கள்; கணினி தொடங்க வழி தெரியாமல் நிற்கிறது. இன்று காலை நம் கணினிப் பழுதுக் கடையைத் திறந்ததும் பார்த்தது அதைத்தான், அதுவும் உன் மடிக்கணினியில். நீ இருந்திருந்தால் முதலில் என்னைத்தான் முறைத்திருப்பாய்.

கொண்டுவந்தவர் உன் வீட்டுக்காரர். பண்ணைக்காட்டிலிருந்து முதல் பஸ்ஸில், துண்டில் சுற்றி மார்போடு அணைத்தபடி கொடைக்கானல் ஏறி வந்திருக்கிறார்.

"எடம் பத்தலைன்னு வந்துச்சு தங்கச்சி. பேரே இல்லாம அறுபது ஜிபி சும்மா கெடந்துச்சு, அழிச்சுட்டேன். அப்புறம்தான் தெரியுது, அது அவளோட லினக்ஸு."

அவருக்கு விண்டோஸ், உனக்கு லினக்ஸ் என்று ஒரே கணினியைப் பாகம் பிரித்து வைத்தவள் நீ. நம் கணினி வகுப்புக்காக நீ பேசிப் பதிந்த பாடங்கள் உன் பாகத்தில்தான் இருந்தன. உன் குரல் வேறெங்கும் இல்லை. "அவ கண்ண மூடி எட்டு மாசம். மிச்சமிருந்ததையும் நானே அழிச்சுட்டேனே" என்று ஸ்டூலில் உட்கார்ந்து அழுதார். நான் பதறாமல் மடிக்கணினியை என் பக்கம் இழுத்தேன். இதே காரியத்தை நானும் செய்தவள் அல்லவா?

நாம் இருவரும் கடை போட்ட புதிது. லினக்ஸ் இருக்கும் இடத்தை விண்டோஸ் பெயர் போட்டுக் காட்டாது என்று தெரியாமல், கடைக் கணினியில் உன் பாகத்தை அழித்துவிட்டேன். பதறிப்போய், எல்லாவற்றையும் ஃபார்மட் செய்து புதிதாகப் போடக் கிளம்பினேன். ஓடிவந்து என் புறங்கையில் ஓங்கி ஒன்று வைத்தாய். "எல்லைக்கல்லைத்தான்டி புடுங்கியிருக்க, நெலம் அங்கனயேதான் கெடக்கு. மேல ஏரை ஓட்டாம சும்மா இரு!" அந்தப் பாகத்தை நீயே மீட்டுவிட்டு, அன்று வந்த வாடிக்கையாளர்களிடமெல்லாம் அதைச் சொல்லிச் சிரித்தாய். இரண்டு நாள் நான் உன்னோடு பேசவில்லை.

"அழிச்ச பெறகு அந்த எடத்துல வேற எதையாச்சும் போட்டீங்களாண்ணே?"

"இல்லைம்மா. பயந்துபோயி மூடிட்டேன்."

அது போதும். பென் டிரைவிலிருந்து கணினியைத் தொடங்கி, அழிந்த பாகத்தைத் தேடும் நிரலை ஓடவிட்டேன். முக்கால் மணி நேரத்தில் பழைய எல்லை அகப்பட்டது. தொடங்கும் இடத்தையும் முடியும் இடத்தையும் இரண்டு முறை சரிபார்த்து, அப்படியே திரும்ப எழுதி, மறுபடி தொடங்கினேன்.

எதைத் திறப்பது என்று கேட்கும் உன் பட்டியல் வந்தது. அதை நான் பார்ப்பது இதுதான் முதல் முறை, உன் கணினியை நீ தொட விட்டால்தானே! விண்டோஸ் என்று இருக்க வேண்டிய வரியில், ஆங்கில எழுத்தில் தமிழ் எழுதியிருந்தாய்: 'உங்களுக்கு இது. கண்ணாடியப் போட்டுட்டு மெதுவா அமுக்குங்க.' வழக்கமாக அடியில் பத்து, ஒன்பது என்று இறங்கி, தானாகவே ஒன்றைத் திறந்துவிடும் நொடிக்கணக்கு இல்லை. அவருக்காக நிறுத்தி வைத்திருக்கிறாய். எனக்கு மட்டும் ஒரு நொடி தந்ததில்லை, ராட்சசி.

அவர் கண்ணாடியைப் போட்டு, விரலை ஒவ்வொரு வரியாக நகர்த்தி, உன் லினக்ஸைத் தொடங்கினார். முதல் பாடத்தில் உன் அதட்டல் கேட்டது: "எல்லாரும் முதல்ல கீபோர்டுலேர்ந்து கைய எடுங்க." அவர் சட்டென்று கையை எடுத்துக்கொண்டார். இரண்டு பேரும் அழுதுகொண்டே சிரித்தோம்.

பாடங்களை இரண்டு இடத்தில் நகலெடுத்துக் கொடுத்தேன். சாயங்காலம் பள்ளங்கி ஊர்க்காரர் ஒருவரின் கணினி வந்தது, அதிலும் இரண்டு பாகம். வேலை முடிந்ததும் நொடிக்கணக்கை நிறுத்தினேன். "தானா ஓடாதாம்மா?" என்றார்.

"ஓடாதுங்க. நீங்க பாத்து அமுக்குற வரைக்கும் நிக்கும்."

என் கைக்கு வரும் எந்தக் கணினியும் இனி யாரையும் அவசரப்படுத்தாது.