வெட்டி எடுத்த கைதட்டல்

பஞ்சில் ஸ்பிரிட்டைத் தொட்டு டேப் டெக்கின் ஹெட்டைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அந்த வாடை மூக்கில் ஏறியதும் நீ வந்துவிட்டாய். உனக்கு அது ஆகவே ஆகாது. "ஆஸ்பத்திரிக்கு வந்த மாதிரி இருக்குலே, சீக்கிரம் முடி" என்று சன்னலோரம் போய் நின்றுகொள்வாய். பஞ்சு பழுப்பாக வந்தது. நீ போன இந்த இரண்டரை வருஷத்தில் டெக்கை நான் தொடவில்லை. துக்கம் என்று சொன்னால் பெரிய வார்த்தையாகிவிடும். தெம்பில்லை, அவ்வளவுதான். இன்று எதற்காகத் துடைக்கிறேன் என்று சொல்லத்தான் எழுதுகிறேன். சுற்றி வளைத்துத்தான் வருவேன், பொறுத்துக்கொள்.

நாம் இருவரும் ஹைதராபாத்தில் ஒரே தொழிற்சாலையில் இருந்தோம், ஆனால் வேறு வேறு ஜாதி. நான் இன்ஸ்பெக்‌ஷன், நீ கமிஷனிங். இயந்திரம் வெளியே போகுமுன் அதில் குறை கண்டுபிடிப்பது என் வேலை. எங்கோ ஒரு மின் நிலையத்தில் அதை நிறுவி, ஓட்டிக் காட்டிவிட்டு வருவது உன் வேலை. லாலாகுடா ரயில்வே குவார்ட்டர்ஸிலிருந்து ஞாயிறு ஆராதனை முடிந்த கையோடு, கேரியரில் வேதப்புத்தகத்தை வைத்துக்கொண்டு, திருமுல்கேரி மேட்டில் சைக்கிளை மிதித்து என் மாடி வீட்டுக்கு வருவாய். ஆஸ்திரேலியாவுக்குக் குடிபெயர்ந்த ஓர் ஆங்கிலோ-இந்தியக் குடும்பம் உன் அப்பாவிடம் விட்டுப்போன இசைத்தட்டுப் பெட்டி உன்னுடையது, ப்ளேயர் என்னுடையது; பெட்டி என் வீட்டிலேயே தங்கிவிட்டது. இப்படித்தான் நம் சிநேகம் தொடங்கியது.

அந்தப் பெட்டியில் ஒரே இங்கிலீஷ் குழுவின் ஆல்பம் இரண்டு இருந்தது உனக்கு நினைவிருக்கும். ஒன்று ஸ்டுடியோவில் பதிந்தது. மற்றது மேடையில், ஆயிரக்கணக்கான ஜனங்களுக்கு நடுவே பதிந்த இரட்டைத் தட்டு. இரண்டிலும் பாட்டுகள் பெரும்பாலும் அவையேதான். பத்து வருஷம் சண்டை போட நமக்கு அது போதுமானதாக இருந்தது.

எனக்கு ஸ்டுடியோதான். பாடகன் இரண்டாம் அடிக்கு முன் மூச்சு இழுப்பது கேட்கும். எது எங்கே இருக்கவேண்டுமோ அது அங்கே இருக்கும். மேடைப் பதிவில் எல்லாம் ஓட்டமாக ஓடும், கிடாருக்கு சுருதி விலகும், மூன்றாம் பாட்டில் பாடகனுக்கு ஒரு அடியே மறந்துபோகும். நான் ஒரு தாளில் நேரத்தோடு குறித்து உன்னிடம் நீட்டினேன். மொத்தம் பதினேழு குறை. "என் மேஜைக்கு வந்திருந்தா இது ரிஜெக்ட்" என்றேன்.

நீ தாளைப் படித்துக்கூடப் பார்க்கவில்லை. "அவனுக்கு மறந்துபோன இடத்துல யாருலே பாடுதா? அத்தன ஜனமும் சேந்து எடுத்துக் குடுக்குல்லா? உன் ஸ்டுடியோவுல மறந்தா என்ன செய்வான்? திரும்ப முதல்லேருந்து பாடுவான். நக்கோ, எனக்கு அது நக்கோ" என்று ஹைதராபாத் உருதுவில் வேண்டாமென்றாய். ஒவ்வொரு பாட்டு முடிந்ததும் அந்த வெள்ளைக்காரக் கூட்டத்தோடு சேர்ந்து நீயும் கைதட்டுவாய். கீழ் வீட்டுக்காரர் ஒருமுறை மேலே வந்து, யாருக்காவது பிறந்தநாளா என்று கேட்டார். அந்தக் குழு ஹைதராபாத்துக்கு வரப்போவதில்லை, நாமும் லண்டனுக்குப் போகப்போவதில்லை. "நாம போக முடியாத கச்சேரிக்கு டிக்கெட்டுலே இது" என்று நீ சொன்னதை அப்போது நான் கேலி செய்தேன்.

பிறகு உன்னை ஒரிசா எல்லையில் காட்டை வெட்டி எழுப்பிக்கொண்டிருந்த அனல்மின் நிலையத்துக்கு அனுப்பினார்கள். ஆறு மாதம் என்றார்கள், நாலு வருஷம் ஆயிற்று. கல்யாணமாகாத ஆள், கேட்க நாதியில்லை என்று அவர்களுக்குத் தெரியும். கிளம்புமுன் ஒரு அறுபது நிமிட கேசட்டைக் கொண்டுவந்து கொடுத்தாய். "மேடைப் பதிவை இதுல ஏத்திக் குடு. அங்க ஒரு குருவிகூட இல்லையாம். கூட்டம் வேணும் எனக்கு." இந்தக் கடைசி வாக்கியத்தை நான் காதில் வாங்கினேன். வாங்கவில்லை என்று நான் இனி சொல்ல முடியாது.

இரண்டு தட்டும் அறுபது நிமிடத்தில் அடங்காது. அதனால் கைதட்டலை வெட்டினேன். ஒரு முழு ஞாயிறு, பதிவை நிறுத்திவைக்கும் பாஸ் பொத்தானில் விரலை வைத்துக்கொண்டு, கடைசி ஸ்வரம் தேயும் இடத்தில் அழுத்தி, அடுத்த பாட்டு தொடங்கும் இடத்தில் விட்டு, பாட்டுகளுக்கு இடையே விசில், கூச்சல், பாடகனின் பேச்சு எதுவும் இல்லாமல் வழித்து எடுத்தேன். வேலை சுத்தம். இடம் போதவில்லை, என்ன செய்வது என்று உனக்கு ஒரு சீட்டும் எழுதி வைத்தேன். அது பொய். என் மேஜை இழுப்பறையில் பிரிக்காத தொண்ணூறு நிமிட கேசட் ஒன்று இருந்தது. உன்னை ஜெயிக்கத்தான் வெட்டினேன். கூட்டத்தை எடுத்துவிட்டால் உன் ஆல்பத்தில் என்ன மிஞ்சுகிறது என்று காட்டவேண்டும் என்ற அற்பப் புத்தி.

ஒரு மாதம் கழித்து உன் இன்லண்ட் லெட்டர் வந்தது. வெயிலைப் பற்றி, மெஸ் சாப்பாட்டைப் பற்றி, பாம்பு ஒன்றைப் பற்றி. கடைசியில், "கேசட் கேட்டேன். ரொம்ப சுத்தமா இருக்கு, உன் வேலை மாதிரியே." அவ்வளவுதான். நீ திட்டியிருந்தால் தொண்ணூறு நிமிட கேசட்டை எடுத்திருப்பேன். திட்டவில்லை என்பதே என்னைச் சுட்டது. அதற்குப் பிறகு என்னால் உனக்குச் சரியாக எழுதவே முடியவில்லை. நீ லீவில் வந்த இரண்டு தடவையும் ஆடிட், ஷிஃப்ட் என்று சாக்குச் சொன்னேன். அடுத்த தடவை மறுபடி பதிந்து கொடுத்துவிடலாம் என்று தள்ளிக்கொண்டே போனேன். அடுத்த தடவை உன்னை மஞ்சள் காமாலையோடு கொண்டுவந்தார்கள். நான்காம் நாள் கல்லறைத் தோட்டத்தில் எல்லாரும் பாடினார்கள், நான் வாயைத் திறக்கவில்லை.

போன வாரம் கேன்டீனில் ஒரு ஆள் என் எதிரில் வந்து உட்கார்ந்தார். உன் சைட்டில் வெல்டராம், பயிற்சிக்கு வந்திருக்கிறார். "இன்ஸ்பெக்‌ஷன் சார் மீரேனா?", நீங்கள்தானா, என்று தொடங்கினார். அவர் தெலுங்கில் சொன்னதை என் தமிழில் எழுதுகிறேன். முதலில் கொஞ்ச நாள் நீ ரூமில் தனியாகத்தான் அந்தக் கேசட்டைக் கேட்டாயாம். பிறகு ஒரு சனிக்கிழமை சாயங்காலம் டேப் ரிக்கார்டரை மெஸ்ஸுக்குத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாயாம். ஒரு பாட்டு முடிந்ததும் பொத்தானை அமுக்கி நிறுத்தி, "சப்பட்லு கொட்டண்டி!", கைதட்டுங்கள், என்று எழுந்து நின்று கத்துவாயாம். முதல் வாரம் நாலு பேர் வெட்கப்பட்டுக்கொண்டு தட்டினார்கள். அப்புறம் சமையல்காரர், லாரி டிரைவர்கள், வாட்ச்மேன், கிரேன் ஓட்டுகிறவர் என்று எல்லாரும். ஒருவருக்கும் பாட்டில் ஒரு வார்த்தை புரியாது. ஆனால் நீ போதும் என்று கையைக் காட்டும்வரை தட்டினார்களாம், சிலர் கரண்டியால் தட்டையும் தட்டினார்களாம். சனிக்கிழமைக்காகவே ஊருக்குப் போகாமல் இருந்தவர்கள் உண்டாம்.

"இப்பவும் போடுகிறோம் சார். அவர் இல்லாமல்தான். டேப் தேய்ந்துபோச்சு, நடுநடுவே சிக்குது. இன்னொன்று பண்ணித் தருவீர்களா? அதே மாதிரி வேண்டும், பாட்டு மட்டும்" என்றார்.

சரி என்றேன். அவர் எழுந்திருக்கவில்லை. டம்ளரைச் சுற்றிக்கொண்டே கேட்டார்: "ஒன்று கேட்கணும். சார் எப்பவும் சொல்வார், என் சிநேகிதன் பெரிய ஆளு, இங்கே நாம் தனியாக இருக்கிறோம் என்று தெரிந்து, நாம் தட்டுவதற்காகவே அந்தக் கச்சேரிக் கூட்டத்தின் கைதட்டலை எடுத்துவிட்டு அனுப்பியிருக்கான் என்று. நெஜமா சார்? வேண்டுமென்றேதான் எடுத்தீர்களா?"

நீ அதை நம்பிச் சொன்னாயா, என்னைக் காப்பாற்றச் சொன்னாயா? கேட்க நீ இல்லை. குறையுள்ள எதற்கும் இருபத்தைந்து வருஷத்தில் நான் கையெழுத்துப் போட்டதில்லை. அந்த மனுஷன் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவுனு" என்றேன். ஆமாம் என்றேன்.

அவர் எழுந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார். வெல்டர் கை, முரட்டுக் கை. அன்று முழுக்க எனக்கு வேலை ஓடவில்லை.

இப்போது கேசட்டின் முதல் பக்கம் முடிந்துவிட்டது. மறுபடியும் கைதட்டலை வெட்டிக்கொண்டுதான் உட்கார்ந்திருக்கிறேன், ஆனால் இந்தத் தடவை ஒவ்வொன்றையும் கடைசிவரை கேட்டுவிட்டு, திரும்ப முள்ளை வைத்து வெட்டுகிறேன். அதனால் இரட்டை வேலை. இடுப்பு வலிக்கிறது, முன்னைப் போல விரல் சட்டென்று அழுந்தவும் மாட்டேன் என்கிறது. உன்னை மட்டம் தட்ட நான் செய்த காரியத்தை எடுத்து எனக்கே நல்ல பெயராக்கி, முகம் தெரியாத அத்தனை பேரிடம் கொடுத்து வைத்துவிட்டுப் போயிருக்கிறாய். நீ சொன்ன அந்த ஆளாக நான் ஒரு நாளும் இருந்ததில்லை. இந்த வயதில் இனிமேல்தான் ஆகவேண்டியிருக்கிறது.