கொழும்பில் இறங்கிய விண்வெளி ஓடம்

கடற்கரைச் சாலையில் இன்று குங்கிலியம் காய்ச்சுகிறார்கள். கரையேற்றிய தோணியின் பலகை இடுக்குகளில் பஞ்சைத் திணித்து, அதன்மேல் பூசுவதற்கு. எண்ணெயோடு சேர்ந்து புகையும் அந்த வாசனையில் சைக்கிளை நிறுத்திவிட்டேன். கல்லூரியில் வகுப்பெடுக்க நேரமாகிவிட்டது. நிற்கவும் முடியவில்லை, போகவும் முடியவில்லை. உன்னிடம் சொல்ல ஒரு செய்தி இருந்தது. நீ போய் இரண்டு மாதம் கழிந்தும், செய்தி என்றால் கால் உன் வீட்டுப் பக்கம்தான் திரும்புகிறது.

செய்தி இதுதான்: அமெரிக்கர்களின் விண்வெளி ஓடம் இன்னும் பறக்கவில்லை.

உனக்கு நிலவுப் பயணம் பிடிக்காது. இயற்பியல் வகுப்பில் எல்லோரும் வாயைப் பிளந்துகொண்டிருந்த காலத்திலேயே நீ முகம் சுளித்தாய். "அவ்வளவு பெரிய ராக்கெட்டைத் துண்டு துண்டா கடல்ல போட்டுட்டு, கடைசியில ஒரு டப்பா மட்டும் திரும்பி வருது. இதுக்குப் பேரு கப்பலாலே?" என்றாய். ஒரு லாரிப் பாரத்துக்கும் மேலே ஏற்றிக்கொண்டு போய், இறக்கிவிட்டு, அதே உடம்போடு திரும்பி வந்து, மறுபடியும் போகிற இந்த ஓடத்தைக் கட்டுகிறார்கள் என்று படித்த அன்றுதான் உனக்கு ராக்கெட் கப்பலாகத் தெரிந்தது. நீ வேலை பார்த்த கப்பல் ஏஜெண்டு அலுவலகத்துக்கு ஆங்கிலப் பத்திரிகைகள் வரும். மாலையில் உன் வீட்டு வானொலி. இரைச்சலுக்குள் ஓர் அமெரிக்கக் குரல். இருவரும் காதைக் கொடுத்து உட்கார்ந்திருப்போம்.

உன் அப்பா கொழும்புத் தோணியில் தண்டல். தோணி அவர் பொறுப்பில்தான் போய் வரும். நம்மைப் பார்த்துச் சிரிப்பார்.

"எங்க தோணி வருசம் பூரா போய்ட்டுப் போய்ட்டு வருது. அதுக்கு ஒரு ரேடியோலயும் சேதி வரலியேலே."

"உங்க தோணி நெருப்புக்குள்ள வராதுல்லாப்பா," என்றாய்.

"சுங்கக்காரன் முன்னால வந்து பாரு, தெரியும்."

எஞ்சினைத் தரையில் கட்டிப்போட்டு எரித்துப் பார்க்கிறார்கள் என்று நீ விளக்கியபோது மட்டும் அவர் சிரிக்கவில்லை. இடுக்கில் பஞ்சு திணித்துக் கலப்பற்று அடித்த தோணிக்குள் தண்ணீர் ஊற்றி, வெளியே எங்கே கசிகிறது என்று பார்ப்பார்களே, அதுபோல என்றாய். "அப்பம் சரி. கரையில வச்சே பாத்துக்கிடட்டும்," என்று எழுந்து போனார்.

எழுபத்தேழில் ஒரு ஜம்போ விமானத்தின் முதுகில் சோதனை ஓடத்தை ஏற்றிக்கொண்டு போய், உயரத்தில் விட்டுவிட்டார்கள். எஞ்சின் இல்லாமல் சறுக்கி வந்து வறண்ட ஏரியில் இறங்கியது. "வறண்ட ஏரின்னா நம்ம உப்பளம் மாதிரிலே," என்று மறுநாளே என்னை இழுத்துக்கொண்டு போனாய். உப்பு வாராத பாத்திகளின் ஓரம், வெள்ளை வெயில். அங்கே இறங்கினால் எதுவரை ஓடி நிற்கும் என்று நடந்தே காட்டப் புறப்பட்டாய். பாதி தூரம். வரப்பில் உட்கார்ந்துவிட்டாய். உதடு நீலமாக இருந்தது. நான் பயந்தேன். நீ கையால் தூரத்தைக் காட்டி, "அங்கன நிக்கும்," என்றாய், மூச்சு வாங்க.

சின்ன வயதில் வந்த மூட்டுக் காய்ச்சல் உன் இதயத்தின் வால்வைத் தின்றிருந்தது. அறுவை செய்தால் பிழைக்க வழியுண்டு, ஆபத்தும் உண்டு. செய்யாமல் தள்ளிக்கொண்டே போனால் வழியே இல்லை. டாக்டர் இதை ஒளிக்காமல் சொன்னார். வடக்கே பெரிய மருத்துவமனைக்குச் சீட்டும் எழுதிக் கொடுத்தார்.

நீ அதை மடித்து வானொலிக்கு அடியில் வைத்தாய்.

"அது மொதல்ல போய்ட்டு வரட்டும். அது வந்து எறங்கிட்டுன்னா நானும் போய்ட்டு வாரேன்."

விளையாட்டுக்குச் சொன்னாய் என்று நினைத்தேன். பயத்தை அப்படிச் சொல்கிறாய் என்று புரிய எனக்கு நாள் பிடித்தது. அதற்குள் அது வீட்டில் ஒரு நேர்ச்சை போல ஆகிவிட்டது. அம்மா கெஞ்சினாலும் அதே பதில். அப்பா கத்தினாலும் அதே பதில். நான் தர்க்கம் பேசினேன். படித்தவனுக்குத் தெரிந்தது அதுதான். "அதுக்கும் ஒனக்கும் என்னலே சம்பந்தம்?" நீ சிரித்தாய். "ரெண்டு பேருக்கும் திரும்பி வாரதுதான் கஷ்டம்."

பிறகு ஒவ்வொரு செய்தியும் உன் உடம்பின் செய்தி. சோதனையில் எஞ்சின் தீப்பிடித்தது என்றால் எனக்கு இரவுச் சாப்பாடு இறங்காது. இந்த வருடம் என்பார்கள். அடுத்த வருடம் என்பார்கள். உன் கால் வீங்கியது. நீ வேலைக்குப் போவதை நிறுத்தினாய். சுவருக்குத் தலையணை வைத்துச் சாய்ந்தே தூங்கினாய். இந்த எழுபத்தொன்பதில், நிஜமாகவே பறக்கப்போகிற ஓடத்தை அதேபோல் விமான முதுகில் ஏற்றி ஏவுதளத்துக்குக் கொண்டு போனபோது, வெப்பம் தாங்க ஒட்டியிருந்த ஓடுகள் வழியிலேயே உதிர்ந்துவிட்டன. விண்வெளிக்குப் போகவே இல்லை. வெறும் காற்றில்.

அதை நான்தான் படித்துச் சொன்னேன். வானொலியின் குமிழை முன்னும் பின்னும் திருகிக்கொண்டிருந்தாய். எதையும் கேட்கிற மாதிரித் தெரியவில்லை.

அப்புறம் அந்தப் பகல். நீ கட்டிலில், நான் முக்காலியில். உன் அம்மா வெளியிலிருந்து வந்தார். மாதா கோவிலுக்குப் போன முக்காட்டைக்கூட எடுக்கவில்லை. வாசலில் நின்றே சொன்னார்.

"ஏலே, ஒன் ராக்கெட்டு போய்ட்டு வந்துட்டாம்."

நீ என்னைப் பார்த்தாய். நான் தரையைப் பார்த்தேன். காலைப் பத்திரிகை என் மடியில்தான் இருந்தது.

"யாரும்மா சொன்னா?"

"பேப்பர்ல போட்ருக்கான். டீக்கடையில வாசிச்சாங்க. நான் எங்காதால கேட்டேன்."

"ஆளு உண்டா உள்ள?"

"உண்டு, உண்டு. நல்லா இருக்காங்களாம்."

"எங்கம்மா எறங்கிச்சு?"

அதை அவர் யோசித்து வைத்திருக்கவில்லை. வாசல் வழியாகக் கடல் பக்கம் ஒரு முறை திரும்பினார். கடல் தாண்டி அவருக்குத் தெரிந்த ஊர் ஒன்றுதான், வாழ்நாள் முழுக்கக் கணவனை அனுப்பிவிட்டுக் காத்திருந்த ஊர்.

"கொழும்புலதான்."

நீ சிரிக்க ஆரம்பித்தாய். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அப்படி ஒரு சிரிப்பு. இருமல் வந்தது. நான் முதுகைத் தடவினேன். சிரிப்பு நிற்கவில்லை. அம்மா விரலில் முக்காட்டு நுனியைச் சுற்றிக்கொண்டு அசையாமல் நின்றார். சொன்னதைத் திரும்ப வாங்கவில்லை. உன் சிரிப்பு ஓய்ந்தது. அவர் முகத்தைப் பார்த்தபடியே இருந்தாய்.

"கொழும்பு வரைக்கும் வந்துட்டுன்னா சரிதான். டிக்கெட் எடுக்கச் சொல்லும்மா."

அவ்வளவுதான். அதற்குமேல் யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

ரயிலில் நானும் வந்தேன். அறுவை முடிந்து கண் விழித்தாய். தண்ணீர் கேட்டாய். அப்பாவிடம் தோணி எங்கே நிற்கிறது என்று விசாரித்தாய். எல்லோரும் வீட்டுக்குத் திரும்புகிற பேச்சைத் தொடங்கியபோது காய்ச்சல் கண்டது. யார் மேலும் பிழை இல்லை. கடைசிவரை அம்மாவின் கை உன் நெற்றியில் இருந்தது.

ஏன் போக ஒத்துக்கொண்டாய்? அந்தப் பொய் உனக்குப் பொய்யென்று தெரியும். காத்திருந்து அலுத்துவிட்டாயா? அவர் அங்கே நின்ற நிலையைத் தாங்க முடியவில்லையா? அல்லது, ஓடம் வராது என்று அதற்குள் முடிவு செய்துவிட்டாயா? மூன்றையும் மாற்றி மாற்றி யோசிக்கிறேன். வகுப்பு நடத்தும்போதும் யோசிக்கிறேன். எழுதினால் ஒன்று நிலைக்கும் என்று நினைத்தேன். நிலைக்கவில்லை.

இன்று கல்லூரிக்குப் போகவில்லை. உன் வீட்டுக்குத்தான் போனேன். அம்மா அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். உன்னைப் பற்றி அவர் பேசுவதில்லை. என்னைக் கண்டால் கேட்பது ஒன்றுதான்.

"போயிட்டாய்யா அது?"

"இல்லம்மா. உதுந்த ஓடுகளயெல்லாம் ஒவ்வொண்ணா ஒட்டுதாங்க. அடுத்த வருசமும் சந்தேகந்தான்."

முன்பெல்லாம் இதைச் சொல்லும்போது எனக்கு ஆத்திரம் வரும். இன்று வரவில்லை. அம்மா முறத்தைக் கீழே வைத்தார்.

"ஒட்டட்டும். நல்லா பாத்து ஒட்டட்டும். ஒருத்தரும் அவங்கள அவசரப்படுத்த வேண்டாம்." பிறகு, "உள்ள எத்தன பேரு போறாங்க?"

"ரெண்டு பேரு."

"அவங்களப் பெத்தவங்க இருக்காங்களா?"

தெரியவில்லை என்றேன். எந்தப் பத்திரிகையும் அதை எழுதவில்லை. நாமும் ஒரு நாளும் தேடவில்லை. விசாரித்துச் சொல்லச் சொன்னார். ஜெபத்தில் சேர்க்க வேண்டுமாம். தலையாட்டிவிட்டு வந்தேன். யாரிடம் விசாரிப்பது என்று தெரியாமல் ஊரெல்லாம் சைக்கிளில் சுற்றிக்கொண்டிருக்கிறேன்.