வெள்ளிக்கிழமை பிளக்

ஐப்பசி 13, திங்கள்

காலையிலிருந்து தூறல். உடுவிலிலிருந்து ஸ்கூட்டரில் வந்து சேர அரைவாசி நனைந்தாயிற்று.

வேலைகள்: 1. ஆஸ்பத்திரிக் கணினிச் சேர்வர் நின்றதற்கு அறிக்கை. 2. ஏசி ஒழுக்கு. 3. அம்மாவின் மூக்குக்கண்ணாடி.

போன வெள்ளி காலை இருபது நிமிடம் இரத்தப் பரிசோதனை முடிவு ஒன்றும் திரையில் வரவில்லை. சத்திரசிகிச்சை ஒன்று அதற்காகக் காத்துக் கிடந்தது. நோயாளிக்கு ஒன்றுமில்லை, கடவுள் புண்ணியம். நிர்வாக டொக்டருக்கு ஆள் வேண்டும். "ஆர் செய்தது எண்டு வெள்ளிக்கு முதல் எழுதித் தாரும்."

ஆள் அகப்பட்டாயிற்று என்று கந்தோரில் மேசைக்கு மேசை கதை. துப்புரவு வேலை செய்யும் வசந்தி அக்கா. சேர்வர் அறைச் சுவரில் ஒரு சாமிப்படம். வெள்ளிதோறும் பூ வைத்து விளக்கேற்றுவது அவர்தான். கர்ப்பூரப் புகைக்கு அலாரம் அடித்ததால், ஆவணியில் நெருப்பு வேண்டாம் என்று தடுத்தது அறைக்குப் பொறுப்பான நான். மனுஷி கரண்ட் விளக்கு வாங்கி வந்துவிட்டார். செருக இடமில்லை. ஏதோ ஒரு பிளக்கைக் கழற்றியிருக்கிறார். அது சேர்வர்களை இணைக்கும் முதலாம் நெட்வொர்க் சுவிட்ச்சினுடையது.

ஐப்பசி 14, செவ்வாய்

மழை விட்டுப் புழுக்கம். பதிவுகளை முழுக்க வாசித்தேன்.

சேர்வர் இரண்டு. ஒவ்வொன்றுக்கும் இரண்டு வயர், இரண்டு சுவிட்ச்சுக்கு. ஒன்று செத்தால் மற்றதற்குத் தானாக மாறும். போன வெள்ளியும் மாறியது. இரண்டே விநாடி. ஒருவருக்கும் தெரிந்திருக்காது. ஆவணியிலிருந்து ஒவ்வொரு வெள்ளியும் அக்கா கழற்றியிருக்கிறார், ஒரு நாளும் ஒன்றும் நிற்கவில்லை. நானோ வயர் தளர்வு என்று நினைத்து, திங்கள்தோறும் பழைய வயருக்குக் கையால் திருப்பிக்கொண்டிருந்தேன்.

நின்றது கழற்றியதால் அல்ல. திரும்பச் செருகிய பிறகு. சுவிட்ச்சில் லைட் உடனே வரும், ஆனால் தகவல் போய்வர ஒரு நிமிடம் செல்லும். லைட்டைக் கண்டதும் இரண்டு சேர்வரும் முதல் வயருக்குப் பாய்ந்துவிட்டன. அங்கே தகவல் இன்னும் ஓடவில்லை. மற்றச் சேர்வர் செத்துப்போச்சு என்று இரண்டும் நினைத்து, இரண்டும் ஒரே தரவுத்தளத்தைத் திறக்கப் போய்ப் பூட்டுப்பட்டன.

"லைட் வந்ததும் திரும்பு" என்பது நான் போன கிழமை போட்ட செற்றிங். கையால் திருப்பும் அலுப்புக்கு. வயரைக் கழற்றிச் சோதித்தேன். திரும்பச் செருகிச் சோதிக்கவில்லை. மடைச்சி.

பதினொரு மணி. கந்தோர்க் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வசந்தி அக்கா கடிதமொன்றில் கையெழுத்து வைத்துக்கொண்டிருந்தார். "என்னுடைய பிழையால் நடந்தது" என்று கிளாக்கர் எழுதிக் கொடுத்தது. நான் உள்ளே போகவில்லை. என்னை நிரந்தரமாக்கும் கடிதம் டொக்டரின் மேசையில் கிடக்கிறது, இந்த மாதம் வரவேண்டியது.

மத்தியானம் புட்டு. பாதியை மூடி வைத்தேன்.

ஐப்பசி 15, புதன்

ஏசி திருத்தியாயிற்று. மூக்குக்கண்ணாடி இன்னும் இல்லை.

எலெக்ட்ரீஷியன் சிவா அண்ணை நெல்லியடியிலிருந்து வடை கட்டி வந்தார். தின்றுகொண்டே சொன்னார், "வசந்திக்கு வெள்ளியோடை சீட்டுக் கிழியுதாம். பாவம், உவவின்ரை உழைப்பிலைதானே வீடு ஓடுது. உம்மடை அறிக்கை முடியேல்லையோ?"

"இன்னும் சோதிக்கோணும் அண்ணை."

சோதிக்க ஒன்றுமில்லை. பச்சைப் பொய். வடை நல்லாயிருந்தது என்று வேறு சொன்னேன். என்னைப் பார்க்க எனக்கே பிடிக்கவில்லை.

ஐப்பசி 16, வியாழன்

மழை, காற்று. செற்றிங் மாற்றினேன். லைட்டை நம்பாதே, மறுபக்கத்திலிருந்து பதில் வருகிறதா என்று பார். வந்தாலும் ஐந்து நிமிடம் பொறுத்துத் திரும்பு. ஆறு தரம் கழற்றி ஆறு தரம் செருகினேன். ஒரு திரையும் நிற்கவில்லை.

அறிக்கை ஒன்றரைப் பக்கம். காரணம்: நான் போட்ட செற்றிங். கீழே என் பெயர். மூன்று மணிக்குக் கொடுத்தேன்.

டொக்டர் இரண்டு தரம் வாசித்தார். "நீர் எழுதாமல் விட்டிருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்காது."

"ஓம் டொக்டர்."

நிரந்தரம் ஆறு மாதம் தள்ளிப்போயிற்று. வசந்தி அக்காவுக்கு வேலை இருக்கும். அழுகை வந்தது, கழிவறைக்குப் போய் முகம் கழுவினேன்.

ஐப்பசி 17, வெள்ளி

வானம் வெளித்திருக்கிறது. சேர்வர் அறையில் விளக்குக்கென்று தனியாகப் பிளக் பொயின்ற். சிவா அண்ணை காலையிலேயே சுவரில் பூட்டித் தந்தார்.

வசந்தி அக்கா பூவோடு வாசலில் நின்றார். உள்ளே வரவில்லை. அவருடைய கடிதத்தை டொக்டர் என்னிடம் தந்துவிட்டிருந்தார். நீட்டினேன்.

"கிழிச்சுப் போடுங்கோ அக்கா. பிழை என்ரை."

அவர் கிழிக்கவில்லை. மடித்துப் பையில் வைத்தார். "கழட்டினது நான்தானே பிள்ளை. அதிலை எழுதினது முழுக்கப் பொய்யில்லை."

உள்ளே வந்து பூ வைத்தார், புதிய இடத்தில் விளக்கைச் செருகினார், கும்பிட்டார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"செவ்வாய்க்கிழமை நான் கையெழுத்து வைக்கேக்கை கண்ணாடிக்கு அங்காலை நிண்டனீங்கள். அப்பவே உங்களுக்குத் தெரியுமோ?"

ஓம் என்றேன்.