நான் பாஸ் போட்ட போர்டு

14, சனி

காலையிலேர்ந்து மழை. துணி காயல. சாமான் வாங்க பாசார் போகல.
வாங்கணும்: சலவைத்தூள், முட்டை, இவருக்கு மருந்து.

மத்தியானம் ரவி வந்தான், இவரோட தம்பி. கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் பக்கத்துக் கடையில நாசி கண்டார் சோறு கட்டிக்கிட்டு வந்தான். அதுவரைக்கும் சந்தோஷம். கை கழுவுறதுக்குள்ள ஆரம்பிச்சிட்டான். புது ஹெட்ஃபோனாம். கூடவே தீப்பெட்டி அளவுல ஒரு பெட்டி. கம்ப்யூட்டருக்கும் ஹெட்ஃபோனுக்கும் நடுவுல மாட்டணுமாம்.

"கம்ப்யூட்டர்லயே வர்ற சவுண்ட் குப்பை அண்ணி. காது உள்ளவனுக்குத் தெரியும்."

காது உள்ளவனுக்கு! யார்கிட்ட சொல்றான்? பதினேழு வருஷமா பாயான் லெப்பாஸ் ஃபேக்டரியில நான் என்ன மாவா ஆட்டுறேன்? கம்ப்யூட்டர் போர்டுல ஹெட்ஃபோன் மாட்டி, இடது காது, வலது காது, அப்புறம் பாட்டே இல்லாம அஞ்சு செகண்ட். இரைச்சல் இருக்கான்னு கேட்டு பாஸ் போடுறவ நான். சொன்னேன். இவர் சிரிக்கிறார்.

"நீ பட்டன் தட்டுறவ. அவன் ரசிச்சுக் கேக்குறவன் லா."

பட்டன் தட்டுறவளாம். ரசிக்கிறவனே வந்து சமைக்கட்டும்னு நினைச்சேன். ராத்திரிக்குச் சமைச்சது நான்தான், அது வேற.

15, ஞாயிறு

மழை விட்டுச்சு. தண்ணீர்மலை கோயிலுக்குப் போறதா இருந்தது, போகல. சாமி கும்பிடுற மனசா இது.

சாயங்காலம் ரவியை வரச்சொன்னேன். ஃபேக்டரியில செய்ற மாதிரியே சோதனை. அவனைச் சுவரைப் பாத்து உக்காரவச்சு, மக திவ்யாவை ஒயர் மாத்தச் சொன்னேன். முதல்ல பெட்டி, கம்ப்யூட்டர் ரெண்டையும் ஒரே சத்தத்துக்குக் கொண்டு வந்தேன். பெட்டியில சத்தம் கொஞ்சம் ஜாஸ்தி. அதான் ஐயாவுக்கு ஒசத்தியாத் தெரிஞ்சிருக்கு!

பத்து தடவை பாட்டு போட்டோம். எது பெட்டின்னு சொல்லணும். அஞ்சு சரி, அஞ்சு தப்பு. வாய்க்கு வந்ததைச் சொன்னாலே அவ்வளவு வரும். எனக்கு வயிறு குளிர்ந்துபோச்சு.

ரவி விடல. "பாட்டை நிறுத்திட்டு மவுசை ஆட்டுங்க அண்ணி. கீச்சுன்னு ஒண்ணு வரும். பெட்டியில அது வராது."

மாட்டிக் கேட்டேன். ஒண்ணுமில்ல. ஆட்டி ஆட்டிக் கேட்டேன். ஒண்ணுமே இல்ல. "தோத்துட்டு கதை விடாதேடா"ன்னு கத்திட்டேன். பக்கத்து வீட்டுல கதவு திறக்குற சத்தம் கேட்டுச்சு. கேக்கட்டும்.

திவ்யா வாங்கி மாட்டுனா. "கேக்குதும்மா. கொசு மாதிரி."

பெத்த பிள்ளையே அந்தப் பக்கம். எட்டிப் பாத்தேன், கம்ப்யூட்டரோட முன்பக்க ஓட்டையில சொருகியிருக்கு. அறிவு கெட்டதுங்க. அங்கேர்ந்து போர்டு வரைக்கும் உள்ளே நீளமா ஒயர் போகும், அது கண்ட இரைச்சலையும் இழுத்துக்கும். பின்னாடி, போர்டுலயே இருக்கிற ஓட்டைக்கு மாத்தினேன்.

திவ்யா: "இப்ப இல்லம்மா."
ரவி ரொம்ப நேரம் கேட்டான். "ஆமா அண்ணி. சுத்தமா இருக்கு. பெட்டி தேவையில்ல போல."

ஜெயிச்சாச்சு. இவர் காப்பி போட்டுக் கொடுத்தார், அதிசயம்.

எனக்கு முன் ஓட்டையும் பின் ஓட்டையும் ஒரே மாதிரிதான் கேட்டுச்சு. அதை யார்கிட்டயும் சொல்லல.

16, திங்கள்

வெயில். ஃபேக்டரி பஸ் லேட்.

வேலை ஆரம்பிக்குமுன்ன டிராயர்லேர்ந்து சிவப்பு ஸ்டிக்கர் போர்டை எடுத்தேன். தெரிஞ்சே இரைச்சல் உள்ள கெட்ட போர்டு. தினமும் காலையில அதைக் கேட்டு, இரைச்சல் கேக்குதுன்னு தாள்ல டிக் போடணும், அதுதான் ரூல். நான் கேக்குறதில்ல. பதினேழு வருஷ ஆளுக்கு எதுக்குன்னு டிக் மட்டும் போட்டுடுவேன்.

இன்னைக்குக் கேட்டேன். அமைதி.

வேற ஹெட்ஃபோன். அமைதி.

பக்கத்து சீட்டு சாந்தியைக் கூப்பிட்டு மாட்டிவிட்டேன். மூஞ்சியைச் சுளிச்சு உடனே கழட்டிட்டா. "ஐயோ அக்கா, எப்படி இதைக் காதுல வச்சிருக்கீங்க?"

சிரிச்சு மழுப்பிட்டேன். அப்புறம் சாயங்காலம் வரைக்கும் வர்ற போர்டுக்கெல்லாம் பாஸ் போட்டேன். வெக்கங்கெட்டவ. வேற என்ன சொல்ல.

17, செவ்வாய்

மழையா வெயிலான்னு பாக்கல. பசியாறல.

லைன் லீடர் ஃபரிடாகிட்ட போய்ச் சொல்லிட்டேன். என் காது ஃபெயில், என்னை அந்த இடத்துலேர்ந்து எடுத்துடுன்னேன். பேனாவைக் கீழ வச்சா. திட்டுவான்னு பாத்தேன். திட்டியிருந்தா நானும் நாலு பேச்சு பேசியிருப்பேன்.

"செஜாக் பிலா, காக்?" எப்போலேர்ந்து அக்கான்னு மலாய்ல கேக்குறா, அதுவும் மெதுவா.

தெரியலன்னேன். தினமும் அந்தக் கெட்ட போர்டைக் கேட்டிருந்தா தெரிஞ்சிருக்கும். தாளைப் புரட்டுனா. வரிசையா டிக், எல்லாம் என் கையெழுத்து. ரவி மேல, இவர் மேல எவ்வளவு ஆத்திரம் வந்துச்சு. அத்தனையும் இப்ப என் மேலயே வருது.

நான் பாஸ் போட்டதையெல்லாம் திரும்ப எடுங்கன்னேன். கிடங்குக்கு ஃபோன் போட்டா. நேத்து போட்டது அங்கேயே இருக்காம். போன வாரத்துது வெள்ளிக்கிழமையே கப்பல் ஏறிடுச்சாம்.