கீபோர்டை வெளியே வைத்துவிட்டு வரச் சொன்னார்கள்

மேட்டுப்பட்டி, திண்டுக்கல்
செவ்வாய்க்கிழமை

அன்பு மகன் பிரான்சிஸுக்கு அம்மா எழுதுவது. மாதாவின் துணையில் நானும் உன் தங்கை சுகன்யாவும் இங்கே நல்லபடியாக இருக்கிறோம், நீயும் சார்ஜாவில் தலைவலி காய்ச்சல் இல்லாமல் வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்க வேண்டும். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்பாய். போனில் நான் ஒரு வார்த்தை சொல்வதற்குள் நீ பத்து வார்த்தை சொல்லிவிடுகிறாய், காகிதத்தில் குறுக்கே வர முடியாதல்லவா. பக்கத்து வீட்டு நைனா முகமது அண்ணன் மகன் அல் அமீன் வியாழக்கிழமை அங்கே வருகிறான், இதையும் கொஞ்சம் மாவடு ஊறுகாயும் அவன் கையில் கொடுத்தனுப்புகிறேன்.

டிவி பாட்டுப் போட்டிக்குப் பதினாலாம் தேதி சென்னைக்கு சுகன்யாவை அனுப்பியே தீர வேண்டும் என்று போன ஞாயிறு சத்தம் போட்டாய். நான் அனுப்பப் போவதில்லை. கோபப்படாமல் முதலில் மதுரையில் நடந்ததைக் கேள். தேர்வு நடந்த மண்டபத்து வாசலிலேயே ஒருவன் கீபோர்டைப் பிடித்து நிறுத்திவிட்டான். பாடுகிறவர்கள் மட்டும் உள்ளே போகலாமாம், வாத்தியம் கூடாதாம். வாட்ச்மேன் அறையில் குடைகளுக்கும் டிபன் பைகளுக்கும் நடுவே அதைச் சாய்த்து வைத்தான். உள்ளே போனவளை சினிமாப் பாட்டு ஒன்றுக்கு டிராக் போட்டுப் பாடச் சொன்னார்கள். அங்கேதான் தப்பு செய்தாள். உனக்குத் தெரியும், நம் கோயிலில் ஐந்து வருஷமாகப் பூசைக்கு அவள்தான் வாசிக்கிறாள். முன்வரிசைக் கிழவிகளுக்கு ஒரே மூச்சில் இரண்டு அடி பாட முடியாது. அடி முடிந்ததும் அவர்கள் மூச்சு வாங்குகிற வரைக்கும் இவள் நிறுத்திக் காத்திருப்பாள், அவர்கள் வாயைத் திறந்ததும் கூடவே சேர்ந்துகொள்வாள். அதே பழக்கத்தில் அந்த மண்டபத்திலும் இரண்டு அடிக்கு ஒருமுறை காத்திருந்தாள். டிராக் யாருக்குக் காத்திருக்கும், அது பாட்டுக்குப் போய்விட்டது. நடுவர்களில் ஒரு பையன் சிரித்துக்கொண்டே, தாளமே நிற்கவில்லை, இன்னும் பயிற்சி வேண்டும் என்றானாம்.

அவன் பக்கத்தில் இருந்த நடுவர் அம்மாள் கொஞ்சம் விவரமானவர் போலிருக்கிறது, வேறு ஏதாவது தெரியுமா என்று கேட்டிருக்கிறார். இவள் தானே எழுதி மெட்டுப் போட்ட பாட்டை, கீபோர்டு இல்லாமல், தொடையில் தட்டிக்கொண்டே பாடினாள். பாடி முடிக்கிற வரைக்கும் யாரும் நிறுத்தச் சொல்லவில்லையாம். கடைசியில் அந்த அம்மாள் சொன்னது இதுதான், குரலும் நன்றாக இருக்கிறது, பாட்டும் நன்றாக இருக்கிறது, ஆனால் சொந்தப் பாட்டுக்கும் வாத்தியத்துக்கும் எங்கள் நிகழ்ச்சியில் இடமில்லை, மூன்று சினிமாப் பாட்டுப் பழகிக்கொண்டு பதினாலாம் தேதி வா. நன்றாக இருக்கிறதாம், ஆனால் இடமில்லையாம். பஸ்ஸில் கீபோர்டை மடியில் வைத்துக்கொண்டு வந்தவள் சின்னாளப்பட்டி தாண்டித்தான் உள்ளே நடந்ததையெல்லாம் சொன்னாள். "அண்ணன் போகச் சொன்னா போறேம்மா" என்றாள். வீட்டுக்கு வந்ததும் கீபோர்டை உறையில் போட்டுக் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டாள். பாட்டு எழுதுகிற நோட்டையும் காணோம்.

பாட்டுப் போட்டி என்றால் பாடத்தானே கூப்பிடுவார்கள், பெட்டியைத் தூக்கிக்கொண்டா வரச் சொல்வார்கள் என்று கேட்டாய். நானும் அந்த நிகழ்ச்சியை உட்கார்ந்து பார்க்கிறவள்தான். பின்னால் பத்துப் பேர் வேர்க்க விறுவிறுக்க வாசிக்கிறார்கள், ஒருவர் பெயரும் நமக்குத் தெரியாது. எழுதினவர் பெயர் கண் மூடித் திறப்பதற்குள் ஓடிவிடுகிறது. மாலை மட்டும் பாடுகிறவருக்கு. பூ மார்க்கெட்டில் என்னிடம் ஒருவன் வந்து மல்லிகையை மட்டும் உள்ளே கொண்டுவா, நாரை வாசலில் வைத்துவிடு என்றால் நான் எதைக் கொண்டு கட்டுவது? வாத்தியத்தை அனுமதித்தால் அதை வாங்க வசதியில்லாத பிள்ளைகள் என்ன செய்வார்கள் என்றும் கேட்டாய். அது நியாயமான கேள்விதான், நாள் முழுக்கப் பூக் கட்டிக்கொண்டே அதை யோசித்தேன். நம் வீட்டில் இருப்பதே யாரோ வாசித்துக் கழித்த கீபோர்டு, இரண்டு கட்டைகள் பேசாது, அவற்றைத் தாண்டித் தாண்டி வாசிக்கிறாள். சென்னைக்கு வரும்போது நான்கு செட் பளபளப்பான உடுப்பு கொண்டுவரச் சொல்லி எழுதிக் கொடுத்திருக்கிறார்களே, அப்போது மட்டும் ஏழைப் பிள்ளை யாருக்கும் ஞாபகம் வரவில்லையா? இல்லாதவர்களுக்கு அங்கேயே ஒன்று வைத்திருக்கட்டும், இருக்கிறவள் கொண்டுவருவதைத் தடுக்க வேண்டாம். பாடுகிறவர்கள் பாடட்டும், வாசிக்கிறவர்கள் வாசிக்கட்டும், எழுதுகிறவர்கள் தாங்கள் எழுதினதைப் பாடட்டும், கேட்கிற நாம் குறைந்தா போவோம்?

நேற்று அந்த நிகழ்ச்சி ஆபீசுக்கு நானே போன் போட்டேன். எடுத்த பெண்ணிடம், "எம் மக வந்தா கீபோர்டோடதான் வருவா, அவ பாட்டைத்தான் பாடுவா, இல்லைன்னா வரமாட்டா" என்று சொன்னேன். விதியில் இடமில்லை என்றாள். அப்படியென்றால் விதியை மாற்றிவிட்டுக் கூப்பிடுங்கள் என்று வைத்துவிட்டேன். உனக்கு அவமானமாக இருக்கும், ரூமில் எல்லோரிடமும் தங்கை டிவியில் வரப்போகிறாள் என்று சொல்லி வைத்திருப்பாய். ஆனால் என் பேச்சைவிட உன் பேச்சுக்குத்தான் அவள் கட்டுப்படுவாள். ஞாயிற்றுக்கிழமை போனில் நீ போகச் சொன்னால், மூன்று சினிமாப் பாட்டையும் பழகிக்கொண்டு வாயை மூடிக்கொண்டு போய்விடுவாள். எனக்கு அதுதான் பயம்.

அவள் எழுதினது எதைப் பற்றி என்று நீ ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. உன் அப்பாவை அடக்கம் செய்த அன்று உனக்கு லீவு கிடைக்கவில்லை, குழிக்குப் பக்கத்தில் நின்று போனைப் பிடித்துக்கொண்டு உனக்குக் காட்டினவள் அவள்தான். நான் மண் போடும்போது நீ அங்கே சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாயாம். அப்போது எனக்கு அது தெரியாது, அவள் மட்டும்தான் பார்த்தாள். அதைத்தான் எழுதியிருக்கிறாள். கீபோர்டை உறையில் போடுவதற்கு முந்தின வாரம் அவள் வாசித்துப் பாடினதை அல் அமீன் தன் போனில் பதிந்து வைத்திருக்கிறான். அவனிடம் வாங்கி ஞாயிற்றுக்கிழமைக்குள் கேட்டுவிடு. கேட்ட பிறகும் அதை விட்டுவிட்டுப் போகச் சொல்ல உனக்கு மனசு வந்தால் அவளிடம் நீயே சொல்லிக்கொள், என் வாயால் வராது.

வெயிலில் வேலை, தண்ணீர் நிறையக் குடி. ஊறுகாயை ஈரக் கையால் எடுக்காதே. ஆண்டவர் உன் கைக்கும் காலுக்கும் பலம் தரட்டும், மாதா உன்னைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளட்டும்.

உன் அம்மா,
வியாகுலம்மாள்