ருசி பார்க்காத க்ரீம்

மார்ச் 3, திங்கள்

காலையில் மூன்று கேக். ஒன்றின் மேல் ரோஜா சரியாக வரவில்லை. வழித்துப் போட்டுவிட்டுத் திரும்பப் பிழிந்தேன். மதியம் பேக்கரியில் லீவு சொல்லிவிட்டு ஆஸ்பத்திரி. அம்மாவுக்கு ஈரல் கெட்டுவிட்டது. மகள்கள் இருவரில் ஒருத்தி தன் ஈரலில் ஒரு துண்டைக் கொடுக்க வேண்டும். ரத்த வகை இருவருக்குமே பொருந்துகிறது. இன்று ஸ்கேன்.

தங்கச்சிக்குச் சுத்தமான ஈரலாம். என்னுடையதில் கொழுப்பு படிந்திருக்கிறதாம். இப்படியே கொடுக்க முடியாதாம்.

"தங்கச்சிய வெச்சு மேல பார்ப்போம். நீங்க சாப்பாட்டுல கட்டுப்பாடா இருந்து குறைச்சீங்கன்னா உங்களையும் திரும்பப் பார்க்கலாம்" என்றார் டாக்டர்.

வீட்டுக்காரரிடம் சொன்னேன். "உனக்குக் கொழுப்புன்னு கல்யாணம் ஆன புதுசுலயே சொன்னேனே. ஸ்கேன் எடுத்துத்தான் நம்புவியா?" சிரித்துவிட்டேன். பிறகு பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

மார்ச் 4

தங்கச்சிக்கு முப்பத்துநாலு வயது. அம்மாவுக்கு இன்னும் "பாப்பா". நான் பள்ளிக்கூடம் போகும் நாளிலிருந்தே "பெரியவ". பெரியவ விட்டுக்கொடுப்பா, பெரியவ பார்த்துக்குவா. சரி, பார்த்துக்கொண்டேன். அம்மாவை மாதாமாதம் டாக்டரிடம் கூட்டிப் போனது யார்? மாத்திரை எடுத்துக் கொடுத்தது யார்? இப்போது அம்மாவின் வயிற்றுக்குள்ளேயே பாப்பாவின் துண்டு போய் உட்காரப் போகிறது. இனி கேட்கவே வேண்டாம்.

வயிறு எரிகிறது. ஈரல் எந்தப் பக்கம் இருக்கிறது என்றுகூட இந்த எரிச்சலில்தான் தெரிந்தது.

மார்ச் 8, சனி

டயட்டீஷியன் சின்னப் பெண். ஆனால் கறார். நான் எண்ணெயை அடியோடு விட்டுவிட்டேன் என்று பெருமையாகச் சொன்னேன். "காபிக்கு எத்தனை ஸ்பூன் சர்க்கரை? ஜூஸ் குடிப்பீங்களா?" என்று கேட்டாள். குடிப்பேன். உடம்புக்கு நல்லதென்று பெரிய டம்ளரில் குடிப்பேன்.

"ஈரல்ல சேர்ற கொழுப்பு எண்ணெயில இருந்து மட்டும் வர்றதில்லக்கா. சர்க்கரையும் மாவும் மிஞ்சிப் போனா அதையும் ஈரல் கொழுப்பாத்தான் மாத்தி வெச்சுக்கும்."

தட்டில் பாதி காய். கால் பங்கு பருப்பு, முட்டை, மீன் இப்படி ஏதாவது. மிச்சக் காலில்தான் சோறோ ரொட்டியோ. பழத்தைக் கடித்துத் தின்ன வேண்டும், பிழிந்து குடிக்கக் கூடாது. சர்க்கரை கிடையாது. தினமும் வேர்க்கும்வரை நடை. பட்டினி கிடந்து அவசரமாக இளைத்தால் ஈரலுக்கே கெடுதலாம். நான் அதைத்தான் செய்வதாக இருந்தேன்.

மார்ச் 16, ஞாயிறு

தங்கச்சி வந்தாள். கையில் க்ரீம் பன். என் எதிரிலேயே தின்றாள், விரலை நக்கினாள். ஒல்லிக்குச்சி. எதைத் தின்றாலும் எங்கேதான் போகிறதோ! கொடுத்து வைத்தவள்.

"எனக்கு பயமா இருக்குக்கா" என்றாள்.

உடனே என் வீட்டுக்காரர் நாற்காலியை இழுத்துப் போட்டு அவளுக்கு ஆறுதல் சொல்கிறார். போனில் அம்மாவும் அவளைத்தான் தேற்றுகிறாள். பயப்படும் உரிமைகூட அவளுக்குத்தான். நான் சர்க்கரை இல்லாத காபியைக் குடித்தேன். கசப்பு.

மார்ச் 28, வெள்ளி

பெரிய ஸ்கேனில் தங்கச்சியின் ஈரல் சின்னது என்று தெரிந்துவிட்டது. அதில் எடுக்கக்கூடிய துண்டு அம்மாவின் உடம்புக்குப் போதாதாம். அவளால் கொடுக்க முடியாது.

எழுதிவிடுகிறேன். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அம்மா பிழைப்பாளா என்று நினைப்பதற்கு முன்னாலேயே. சீ, என்ன பிறவி நான்?

ஏப்ரல் 17, வியாழன்

திரும்ப ஸ்கேன். ஈரல் கொழுப்பு குறையவில்லை. ஏதோ கொஞ்சம் குறைந்திருக்கிறதாம், போதாதாம். அம்மாவின் கண் மஞ்சள் ஏறிக்கிடக்கிறது. டாக்டர் என்னைப் பார்த்த பார்வையில், இவள் திருட்டுத்தனமாகத் தின்கிறாள் என்று எழுதியிருந்தது. சத்தியமா இல்லைங்க! நான் ஒரு பிஸ்கட்கூட தொடல! என்னத்துக்கு அப்புறம் இவ்வளவு வாயக் கட்டினேன்?

டயட்டீஷியன் மட்டும் பொறுமையாகக் கேட்டாள்.

"என்ன வேலைக்கா பார்க்கறீங்க?"

"கேக் அலங்காரம்."

"ருசி பார்ப்பீங்களா?"

"பார்க்காம? க்ரீம் ஒவ்வொரு கிண்ணத்துக்கும் ஒரு விரல்—"

சொல்லும்போதே நின்றுவிட்டேன். ஒரு விரலா? சர்க்கரை பதம் பார்க்க ஒன்று, நுரைத்த பிறகு ஒன்று, நிறம் கலந்த பிறகு ஒன்று. கேக்கின் மேட்டைச் சீவிச் சமமாக்கும்போது வெட்டி எடுக்கும் ஓரமெல்லாம் என் வாய்க்குத்தான். வீட்டில் அளந்து சாப்பிட்டேன். பேக்கரியில் தின்றதைச் சாப்பாடு என்றே நினைத்ததில்லை. அது வேலை.

ஏப்ரல் 19, சனி

பேக்கரியில் அடுப்பு பார்க்கும் அண்ணனிடம் விஷயத்தைச் சொன்னேன். இனி நாக்கு இல்லை, எல்லாம் தராசில் நிறுத்துத்தான். வெட்டிய ஓரம் நேராக அவர் டப்பாவுக்கு.

"இன்னைக்கு க்ரீம் எப்படிம்மா?" என்றார்.

"தெரியலண்ணே."

இத்தனை வருஷத்தில் இந்தப் பதிலை முதல் தடவை சொல்கிறேன். பழக்கத்தில் விரல் மூன்று முறை வாய்வரை போனது. வாயில் துணியைக் கட்டிக்கொண்டேன்.

மே 4, ஞாயிறு

தங்கச்சி விடியற்காலையில் கதவைத் தட்டுகிறாள், என்னோடு நடக்க வருகிறாளாம். இளைக்க வேண்டியவள் நான். மூச்சு வாங்குகிறவள் அவள். கொஞ்சம் திருப்தியாக இருந்தது. வழியில் ஒரு இடத்தில் உட்கார்ந்து, "என்னால ஒண்ணும் பண்ண முடியலயேக்கா" என்று அழுதாள். முதுகைத் தடவிக் கொடுத்தேன். பொறாமை போய்விட்டதா என்று தேடிப் பார்த்தேன். இல்லை, இருக்கிறது. ஆனாலும் தடவிக் கொடுத்தேன்.

மே 22, வியாழன்

குறைந்துவிட்டது. டாக்டர் இரண்டு தடவை சொன்னார், நான்தான் மூன்றாவது தடவை கேட்டேன்.

ஜூன் 2, திங்கள்

நாளை ஆபரேஷன். பயமாக இருக்கிறது. தங்கச்சியிடம் சொன்னேன். கையைப் பிடித்துக்கொண்டாள்.

ஜூன் 9, திங்கள்

இன்றுதான் பேனா பிடிக்க முடிகிறது. தையல் இழுக்கிறது. அம்மாவின் கண்ணில் மஞ்சள் இறங்கிவிட்டதாம். நன்றாகப் பேசுகிறாளாம்.

"என்ன பேசினா?" என்று தங்கச்சியைக் கேட்டேன். அவள் முகத்தில் ஈயாடவில்லை. துருவிக் கேட்ட பிறகுதான் சொன்னாள். கண் விழித்ததும் அம்மா கேட்ட முதல் வார்த்தை: "பாப்பா சாப்பிட்டாளா?"

"மயக்கத்துல கேட்டது. தப்பா எடுத்துக்காதக்கா."

எரிந்தது. பழைய இடத்திலேயே எரிந்தது. பிறகு யோசித்தேன். கேட்ட வாய் அம்மாவுடையது, கேட்கத் தெம்பு கொடுத்த ஈரல் என்னுடையது. நானும் சேர்ந்துதான் கேட்டிருக்கிறேன்.

"சாப்பிட்டியா?" என்றேன்.

"இல்லக்கா."

மதியச் சாப்பாடு அப்போதுதான் வந்திருந்தது. தட்டை அவள் பக்கம் திருப்பி, பாதியை எடுத்துக்கொள்ளச் சொன்னேன். காய் இருக்கிற பாதியை.